பரிசோதகரின் முதல் கிளாஸ்

கனகலிங்கம் முப்பத்தொரு வருடம் மதுவரித் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். காவலராகச் சேர்ந்து பரிசோதகராக ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்தொரு வருடத்தில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தில் அவர் மணந்து பார்க்காதது வன்னியில் இல்லை. குடித்துப் பார்த்தது மட்டும் ஒரு சொட்டும் இல்லை.

அவருடைய மூக்கு பேர் போனது. காட்டோரத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கி, காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். பிறகு கையை நீட்டுவார். அவர் நீட்டிய பக்கம் போனால் பற்றைக்குள் பிளாஸ்டிக் பரல் இருக்கும், பரலுக்குள் கசிப்புக் காய்ச்சுவதற்கான கோடா இருக்கும். சீனியும் ஈஸ்ட்டும் தண்ணீரும் கலந்து புளிக்கப் போட்ட அந்தக் கோடா எத்தனை நாள் புளித்தது என்பதையும் மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவார். கூட வேலை செய்தவர்கள் அவரை முகத்துக்கு நேரே ‘சேர்’ என்றும், அந்தப் பக்கம் போனதும் ‘மூக்கர்’ என்றும் சொன்னார்கள். இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டாவது பேர்தான் அவருக்குப் பிடித்திருந்தது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகன் பியர் காய்ச்சுகிறவனாகப் போனான். கல்யாணம் பேசும்போது, மாப்பிள்ளை ஜெயந்தன் மெல்பேர்னில் உணவுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார் என்றுதான் தரகர் சொன்னார். அது பியர்த் தொழிற்சாலை என்று தெரியவந்தபோது மகள் கஜேந்தினி அவன் வாங்கிக் கொடுத்த போனில் அவனோடு நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தாள். இனி என்ன செய்வது? பிறகு அவன் ஊருக்குத் திரும்பி வந்தான். இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து, நாலு வருடம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி அனுமதிப்பத்திரம் எடுத்து, வவுனியா நெளுக்குளத்தில் ஒரு பழைய அரிசி ஆலையை வாங்கிப் பெரிய எஃகுத் தாங்கிகளை இறக்கினான். திறந்து ஒரு வருடமாயிற்று. கனகலிங்கம் அந்த வாசலை மிதிக்கவில்லை. வட்டக்கச்சியில் யாரும் கேட்டால், “மருமகன் பக்டரி வைச்சிருக்கிறார்” என்பார். என்ன பக்டரி என்று அவர் சொல்வதில்லை.

அன்றைக்குக் கஜேந்தினி போன் எடுத்தபோது அவர் வயலில் நின்றார்.

“அப்பா, உங்கட மூக்கு ஒருக்கா வேணும்.”

“என்னத்துக்குப் பிள்ளை?”

“இவர் புதுசா ஒரு பியர் செய்தவர். இந்தியா பேல் ஏல் எண்டு. இவர் நல்லாயிருக்கு எண்டுறார். சதீஸ் அண்ணாவும் நல்லாயிருக்கு எண்டுறார். ஆனா இங்க போத்தல் கழுவுற அம்மா ஒராள் இருக்கிறா. அவா அதில வெண்ணெய் மணக்குது எண்டு ஒரே பிடியா நிக்கிறா. அந்த மணம் இருந்தால் பியர் இன்னும் சரியாப் புளிச்சு முடியேல்லையாம்.”

“போத்தல் கழுவுற மனுசி சொன்னதுக்கு நான் பஸ் ஏறி வரவேணுமோ?”

“அவா இதுக்கு முந்தியும் ரெண்டு தரம் சொன்னவா அப்பா. ரெண்டு தரமும் அவா சொன்னதுதான் சரி. இவருக்கு இப்ப நித்திரை இல்லை. அடுத்த கிழமை போத்தலில அடைச்சுத் திருகோணமலை ஹோட்டல்களுக்கு அனுப்பவேணும். நீங்கள் குடிக்க வேண்டாம். மணந்து பார்த்துச் சொன்னால் காணும்.”

மகள் அப்படிக் கேட்டபின் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. ஓய்வு பெற்ற நாலு வருடத்தில் அவருடைய மூக்கு வேண்டுமென்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை கிளிநொச்சியில் பஸ் ஏறினார். வவுனியாவில் இறங்கி ஓட்டோ பிடித்து நெளுக்குளம் போனபோது பத்தரை மணி. ஆலை வாசலிலேயே மணம் வந்து முகத்தில் மோதியது. திரிபோசா மாவைக் கொதிநீரில் கரைத்தது போல ஒரு தானிய மணம். அதற்கு மேலே, தோடம்பழத் தோலை நகத்தால் கீறியது போல ஒன்று. இரண்டுக்கும் அடியில், அவருக்கு நன்றாகத் தெரிந்த புளிப்பு. அந்தப் புளிப்பு மூக்கில் பட்டதும் அவருடைய கை தானாகச் சட்டைப்பையில் குறிப்புப் புத்தகத்தைத் தேடியது. அது அங்கே இல்லை. கையை எடுத்துக்கொண்டார்.

ஜெயந்தன் ஓடி வந்து அவரை உள்ளே கூட்டிப் போனான். தாங்கிகளைக் காட்டினான். ஒரு சாக்கைத் திறந்து பச்சை நிறக் குளிகைகளைக் கையில் அள்ளிக் கொடுத்தான். பார்க்கக் கோழித்தீன் மாதிரி இருந்தது.

“இதுதான் மாமா ஹொப்ஸ். ஒரு கொடியின்ர பூ. கசக்கி மணந்து பாருங்கோ.”

கசக்கி மணந்தார். கறுத்தக்கொழும்பான் மாங்காயை முறிக்கும்போது காம்பில் வடியும் பாலின் மணம். பிறகு வேப்பம்பூ. பிறகு மழை பெய்து ஓய்ந்த காட்டுக்குள் நிற்பது போல ஒன்று, அதற்குப் பேர் தெரியவில்லை. இத்தனையும் ஒரு கோழித்தீனுக்குள் எப்படிப் புகுந்தன என்று அவருக்கு விளங்கவில்லை.

“அப்ப இது இந்தியாவிலயிருந்து வாறதோ?”

“இல்லை மாமா. அமெரிக்காவில இருந்து.”

“இந்தியா எண்டு பேர் வைச்சிருக்கிறியள்?”

“அது முந்தி வெள்ளைக்காரர் இங்கிலாந்தில காய்ச்சிக் கப்பலில இந்தியாவுக்கு அனுப்பின பியராம். மாதக்கணக்கில கடலில வாறபடியால், பழுதாகாமல் இருக்க ஹொப்ஸைக் கூடப் போட்டவை எண்டு சொல்லுவினம். அப்பிடி வந்த பேர்.”

“பேல் எண்டால் வெளிறினது எல்லோ?”

“ஓம்.”

அதற்குள் கூட்டாளி சதீஸ் தாங்கியிலிருந்து ஒரு கிளாஸில் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். அது வெளிறி இருக்கவில்லை. பால் விடாத தேத்தண்ணியின் நிறத்தில், மேலே இரண்டு விரல் நுரையோடு இருந்தது. இந்தியாவில் செய்யாத, வெளிறாத சாமானுக்கு இப்படிப் பேர் வைத்தால் நீதிமன்றத்துக்கு எப்படி அறிக்கை எழுதுவது என்று ஒரு யோசனை வந்தது. இது அறிக்கை எழுதுகிற வேலை அல்ல என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

“லட்சுமியம்மா, நீங்களும் வாங்கோ” என்று ஜெயந்தன் கூப்பிட்டான்.

போத்தல் கழுவும் தொட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். அறுபது வயதிருக்கும். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, சேலைக்கு மேலே பிளாஸ்டிக் ஏப்ரன். கையைத் துடைத்துக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கனகலிங்கத்தைப் பார்த்தார். அவசரம் இல்லாத பார்வை. கனகலிங்கமும் தலையசைத்தார். எங்கேயோ பார்த்த முகம். ஆனால் முப்பத்தொரு வருடம் உத்தியோகம் பார்த்தவருக்கு எல்லா முகமும் எங்கேயோ பார்த்த முகம்தான்.

கிளாஸை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கண்ணை மூடினார். மாம்பழம் வந்தது. தோடம்பழம் வந்தது. வறுத்த தானியம் வந்தது. வெண்ணெய் வரவில்லை. கிளாஸை இறக்கி, காற்றை வெளியே விட்டு, திரும்ப மணந்தார். வெண்ணெய் இல்லை.

“எனக்கு ஒண்டும் தெரியேல்லைத் தம்பி.”

“அப்பாடா” என்றான் சதீஸ்.

“இருக்குதுங்க” என்றார் அந்தப் பெண். “பால்ரொபி கிண்டி முடியிற நேரம் வருமே, அந்த மணம். பின்னாலதான் வரும். முன்னால இந்தப் பூ மணம் மறைச்சிடுது.”

ஜெயந்தன் தலையைச் சொறிந்தான். “சிலபேருக்கு அந்த மணம் பிறப்பிலேயே தெரியாதாம் மாமா. எனக்கு அப்பிடியோ எண்டுதான் பயம். மூக்கால பிடிபடாட்டித் தொண்டையில தெரியும். ஒரு மிடறு வாயில வைச்சுப் பாத்திட்டுத் துப்பிவிடுங்கோ. இந்தாங்கோ, துப்புறதுக்குக் கப்.”

கனகலிங்கம் கப்பைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். மூக்கு தோற்றுப்போன இடத்தில் எழும்பிப் போக அவருக்கு மனமில்லை. துப்பத்தானே போகிறோம் என்று ஒரு மிடறு வாயில் எடுத்தார்.

முதலில் குளிர். பிறகு பழம். பிறகு நாக்கின் அடியிலிருந்து ஒரு கைப்பு மெல்லக் கிளம்பி வந்து வாயை நிறைத்தது. பாவற்காயின் கைப்பு முகத்தைச் சுளிக்க வைக்கும். மருந்தின் கைப்பு தொண்டையை அடைக்கும். இது இரண்டும் செய்யவில்லை. வந்தது, நின்றது, இன்னும் எதையோ சொல்லப்போவது போல நின்றது. அது என்ன என்று கவனித்துக்கொண்டிருந்தவர் கப்பை எடுக்க மறந்துபோனார். தொண்டைக்குள் குளிர் இறங்குவது தெரிந்த பிறகுதான், தான் விழுங்கிவிட்டது தெரிந்தது.

அறுபத்து நாலு வயதில், மருமகனுக்கு முன்னால், மேசையில் துப்புவதற்கென்று கப் இருக்கும்போதே விழுங்கிவிட்டார். என்ன முகத்தை வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய குழப்பம், இன்னொரு மிடறு வேண்டும் போல இருந்தது.

“எப்பிடி மாமா?”

“கைக்குது.”

“ஓம், அது அப்பிடித்தான் இருக்க வேணும்.”

“பழுதாய்ப் போய்க் கைக்குதோ, சரியாய் வந்து கைக்குதோ?”

“சரியாய் வந்து.”

“அது எப்பிடித் தெரியும்?”

ஜெயந்தன் வாயைத் திறந்தான். அந்த நேரம் வாசலில் லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. மோல்ட் என்கிற முளைகட்டிய பார்லி மூட்டை வந்துவிட்டது, இறக்க வேண்டும். “ரெண்டு நிமிசம் மாமா. ஆறுதலா இன்னொருக்காப் பாத்து வைச்சிருங்கோ” என்று சொல்லிவிட்டுச் சதீஸையும் கூட்டிக்கொண்டு ஓடினான்.

மேசைக்கு இந்தப் பக்கம் கனகலிங்கமும் அந்தப் பக்கம் அந்தப் பெண்ணுமாக நின்றார்கள். அவர் சும்மா நிற்க முடியாமல் கிளாஸை எடுத்து இன்னொரு மிடறு குடித்தார். இந்தமுறை துப்புவது பற்றி யோசிக்கவே இல்லை.

“ஐயாவுக்கு என்னத் தெரியலையா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“பாத்த மாதிரிக் கிடக்கு.”

“சிவலட்சுமி. ஜெயபுரம். வீரையா பொஞ்சாதி.”

ஜெயபுரம் என்றதும் எல்லாம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கார்த்திகை மாதம். மலைநாட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறின சனம் இருந்த ஒழுங்கையில் கடைசி வீடு. மத்தியான நேரம். ஜீப்பை நிறுத்திக் காற்றைப் பிடித்துக் கையை நீட்டியவர் அவர்தான். வீட்டுக்குப் பின்னால் சாக்கு மூடிய நீலப் பரல். திறந்தால் புளித்த மணம், தண்ணீருக்குள் நெல். நெல் போட்டுப் புளிக்க வைத்த கோடாவை அவர் வேறு இடங்களிலும் பிடித்திருக்கிறார். ஒரு போத்தலில் மாதிரி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காவலர்களைக் கொண்டு அடியோடு கவிழ்த்து ஊற்றுவித்தார். அந்த மனிதன் வீரையா நிலத்தில் குந்தி இருந்து அழுதான். ஆம்பிளை இப்படி அழுகிறானே என்று அப்போது அவருக்கு வெறுப்பாக இருந்தது. மனைவி அழவில்லை. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினவள் அவள்தான். அன்றைக்கு அவளை ‘நீ’ என்றுதான் சொன்னார். இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

“ஓம்... ஞாபகம் இருக்கு. வீரையா சுகமோ?”

“செத்து மூணு வருசம் ஆச்சுங்க. நான் இப்ப மக அனோஜா வீட்டுல, இங்கதான் பக்கத்துல.”

சிவலட்சுமி ஏப்ரனில் கையைத் திரும்பவும் துடைத்தார், அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

“ஐயா கோவிக்கக்கூடாது. அன்னைக்கு நீங்க ஊத்தினது கோடா இல்ல.”

“பின்ன?”

“விதநெல்லு. அந்த மழைக்கு முதல் விதைச்சது அம்புட்டும் அழுகிப் போச்சு. மிச்சம் இருந்த நெல்ல திரும்ப விதைக்கன்னு ஊறப் போட்டிருந்தோம். மழை விடலன்னு ரெண்டு நாள் கூடக் கிடந்திருச்சு. அதான் புளிச்ச மாதிரி இருந்துச்சு.”

கனகலிங்கம் கிளாஸை மேசையில் வைத்தார். அவர் வட்டக்கச்சியில் பிறந்தவர். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லில் வளர்ந்தவர். அவருடைய அப்பு வருடா வருடம் சாக்கில் நெல்லைக் கட்டி வாய்க்காலில் ஊறப்போட்டு முளைகட்டுவார். முளைநெல்லின் மணம் தெரியாத வயல்காரன் உண்டா? கோடா எது, முளைநெல் எது என்று தெரியாமலா முப்பத்தொரு வருடம் இந்த மூக்கை வைத்துக் கொண்டு திரிந்தோம்?

“அப்ப ஏன் சொல்லேல்லை? நீ... நீங்கள் வழக்கில குற்றத்தை ஒப்புக்கொண்டனீங்கள் எல்லோ? மாதிரியைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?”

சிவலட்சுமியின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“கேட்டிருந்தா நீங்க திரும்ப வந்திருப்பீங்க. வந்து ஒழுங்காத் தேடியிருப்பீங்க. உண்மையான கோடா கோழிக்கூட்டுக்கு அடியில குழிக்குள்ள இருந்துச்சு. ரெண்டு பரல். நீங்க அந்தக் கூட்டுல சாஞ்சு நின்னுதானே எழுதினீங்க.”

லொறியிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம் தொம் தொம்மென்று கேட்டது. கனகலிங்கம் கதிரை ஒன்றைத் தேடி உட்கார்ந்தார். கோழி எச்சத்தின் மணம் எல்லாவற்றையும் மறைத்திருக்கும். அப்படியானால் அன்றைக்கு ஒழுங்கையில் நின்று காற்றில் அவர் பிடித்தது எதை? குழிக்குள் இருந்த கோடாவையா, பரலில் இருந்த நெல்லையா? கையை நீட்டிய பக்கம் சரி, பிடித்த சாமான் பிழை. குற்றம் செய்தவளைத்தான் பிடித்திருக்கிறார், ஆனால் செய்யாத குற்றத்துக்கு. அவளும் செய்யாததை ஒப்புக்கொண்டு, செய்ததிலிருந்து தப்பியிருக்கிறாள். இதில் யார் யாரை ஏமாற்றியது? அவர் மனதுக்குள் அதை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்கிப் பார்த்தாலும் ஒரு துண்டு மிஞ்சியது.

“அந்தக் கோடாவைக் காய்ச்சி வித்துத்தாங்க அந்த வருசம் சாப்பிட்டோம்” என்றார் சிவலட்சுமி. “அது கிடைச்சிருந்தா நாங்க முடிஞ்சோம். நான் உங்களத் திட்டல. அவரு தான் சாகிற வரைக்கும் திட்டுனாரு. அவருக்கு நெல்லுதான் பெருசு. கசிப்பு என் வேல, வயல் அவரு வேல. நீங்க அவரோடத ஊத்திட்டு என்னோடத விட்டுட்டுப் போயிட்டீங்க.”

“பிறகும் காய்ச்சினனீங்களோ?”

“இல்லிங்க. அடுத்த வருசம் விட்டுட்டேன்.” வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. போத்தல் கழுவ வந்தேன். ஒரு நாள் அந்தத் தாங்கியில காது வச்சுப் பாத்துட்டு, இது இன்னும் அடங்கலன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுல இருந்து எல்லாத்துக்கும் கூப்பிடுறாரு.”

அவர் கெஞ்சவில்லை. சொல்லாதீர்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கனகலிங்கத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜெயந்தன் வேர்த்து ஒழுகிக்கொண்டு திரும்பி வந்தான். பின்னால் சதீஸ்.

“சரி மாமா, சொல்லுங்கோ. அடைக்கிறதோ, வைச்சிருக்கிறதோ?”

கனகலிங்கம் கிளாஸை எடுத்தார். அது இப்போது கையின் சூட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாகி, நுரை அடங்கிப் போயிருந்தது. மணந்தார். மாம்பழத்துக்குப் பின்னால் ஏதோ கொழுப்பான ஒன்று நிற்பது போலிருந்தது. அது உண்மையிலேயே நிற்கிறதா, சிவலட்சுமி சொன்னதால் நிற்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அன்று காலையில் இதே கேள்வியை யாரும் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லியிருப்பார்.

“அவா என்ன செய்யச் சொல்லுறா?” என்று கேட்டார்.

“குளிரை நிப்பாட்டிப்போட்டு இன்னும் மூண்டு நாள் சூட்டில விடட்டாம். அதுவே அடங்கிப் போகுமாம். எங்கட படிப்பிலயும் அப்பிடித்தான் இருக்கு. ஆனா வெண்ணெய் இல்லாட்டி அது வீண் வேலை. ஹொப்ஸின்ர மணமும் குறைஞ்சுபோகும்.”

“அப்ப அவா சொன்னபடி செய்யுங்கோ.”

“உங்களுக்கும் தெரியுதோ?”

“எனக்குத் தெரியேல்லைத் தம்பி. என்ர மூக்கு பிழைவிட்ட மூக்கு. அதை நம்பாதேங்கோ.”

சதீஸ் சிரித்தான், பகிடி என்று நினைத்து. ஜெயந்தன் சிரிக்கவில்லை. மாமனார் முகத்தையும் சிவலட்சுமியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உங்களுக்கு லட்சுமியம்மாவை முந்தியே தெரியுமோ மாமா?”

சிவலட்சுமி மேசையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு நின்றது.

“தெரியும்” என்றார் கனகலிங்கம். “ஜெயபுரத்தில வயல் செய்தவை. நல்ல வயல்காரர்.”

துணி இன்னொரு மடிப்பு மடிந்தது. சிவலட்சுமி போத்தல் தொட்டிப் பக்கம் நடந்து போனார். அவர் நன்றியோடு போனாரா, கோபத்தோடு போனாரா என்பது றப்பர் சப்பாத்தின் சத்தத்தில் தெரியவில்லை.

அன்று பின்னேர பஸ்ஸில் வட்டக்கச்சிக்குத் திரும்பியவர் நேரே களஞ்சிய அறைக்குப் போய் ஒரு சுண்டு விதைநெல்லை அள்ளி வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டார். மேலே சாக்கைப் போட்டுக் கிணற்றடியில் வைத்தார். மனைவி விமலேஸ்வரி குசினி யன்னலால் பார்த்தார்.

“இப்ப விதைக்கிற காலமோ? என்ன செய்யிறியள்?”

“சும்மா.”

மூன்று நாளும் வாளிக்குக் கிட்டப் போகாமல் இருந்தார். நாலாம் நாள் காலை சாக்கைத் தூக்கினார். நெல்லெல்லாம் வெள்ளை மூக்கு விட்டிருந்தன. தண்ணீரின் மேலே சின்னச் சின்னக் குமிழி. குனிந்து மணந்தார். புளிப்பு. அதற்குள் ஒரு இனிப்பு. கண்ணை மூடினால் கோடா என்று கோயிலில் சத்தியம் செய்வார். கண்ணைத் திறந்தால் அப்புவின் வாய்க்கால்.

“இஞ்ச ஒருக்கா வாரும்” என்று மனைவியைக் கூப்பிட்டார். “இது என்ன மணக்குது?”

விமலேஸ்வரி குனிந்தார். “முளைநெல் மணக்குது. வேறென்ன மணக்கிறது? கூடக் கிடந்துபோச்சு, அவ்வளவுதான்.”

“வேற ஒண்டும் இல்லையோ?”

“இல்லை.”

ஒரு நொடியில் சொல்லிவிட்டார். அவர் இதற்கு முன்பு ஒரு பரலையும் மணந்தவர் அல்ல. அதனால்தான் சரியாகச் சொன்னாரோ, என்னவோ.

அன்று மத்தியானம் ஜெயந்தன் போன் எடுத்தான். குரலில் துள்ளல். “மாமா, மூண்டு நாள் விட்டம். லட்சுமியம்மா இப்ப சரி எண்டுட்டா. நீங்கள் வந்த அண்டைக்கே கொழும்பில ஒரு ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பினனான். அதில வெண்ணெய்ச் சாமான் கூடத்தான் இருந்ததாம். நீங்கள் சொல்லாட்டி நான் அடைச்சிருப்பன்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. அவாதான் சொன்னவா. அவா நிக்கிறாவோ? ஒருக்கா போனைக் குடுங்கோ.”

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. “சொல்லுங்க ஐயா.”

“நான் வீட்டில நெல் ஊறப்போட்டுப் பாத்தனான்.”

“எப்பிடி இருந்துச்சு?”

“எனக்குக் கோடா மாதிரித்தான் மணக்குது.”

சிவலட்சுமி சிரித்தார். வாய் விட்டுச் சிரித்த சிரிப்பு. அதில் கேலி இருந்ததா என்று கனகலிங்கம் காதை அழுத்திக் கேட்டார். பிடிபடவில்லை.

“அப்ப அன்னைக்கு நீங்க வேணுமின்னு செய்யல” என்றார். “எங்க வீட்டுக்காரரு கடைசி வரைக்கும் அதத்தான் கேட்டாரு. அந்த ஆளுக்குத் தெரியாமலா இருக்கும், வேணுமின்னுதானே ஊத்தினான்னு. நான் என்னன்னு சொல்றது? எனக்கும் தெரியாது.”

“வேணுமெண்டு செய்யேல்லை.”

“சரிங்க.”

“ஆனா பிழைதான் எல்லோ?”

“நெல்லுக்குப் பிழைதான்” என்றார் சிவலட்சுமி. “எனக்கு எப்பிடின்னு எனக்கே தெரியல ஐயா. போத்தல் கிடக்கு, வைக்கவா?”

போனை வைத்தபின் கனகலிங்கம் கிணற்றுக் கட்டில் இருந்தார். வீரையாவிடம் போய்ச் சொல்ல முடியாது. சொல்லியிருந்தாலும் அந்த மனிதன் நம்பியிருப்பானா? விமலேஸ்வரி வாளியைத் தூக்கி முளைநெல்லைப் பசுவின் தொட்டியில் கொட்டினார். பசு முகர்ந்து பார்க்கவும் இல்லை, தலையைத் தாழ்த்தித் தின்னத் தொடங்கியது.

“உம்மட்ட ஒண்டு சொல்லவேணும்” என்றார் கனகலிங்கம். “அண்டைக்கு நெளுக்குளத்தில நான் அதைக் குடிச்சனான்.”

“தெரியும். கஜே அண்டைக்கே சொல்லிப்போட்டாள். ஒரு கிளாஸ் முழுக்கக் குடிச்சு முடிச்சியளாம்.”

அவர் அப்படியா என்று நினைத்தார். எப்போது முடித்தார் என்பது அவருக்கு ஞாபகமில்லை.

“கைப்போ?” என்று விமலேஸ்வரி கேட்டார்.

“கைப்புத்தான்.”

“பின்ன ஏன் குடிச்சியள்?”

கனகலிங்கம் யோசித்துப் பார்த்தார். கடைசியில், “அடுத்த கிழமை பஸ்ஸில என்னோட வாரும், நீரும் ஒருக்கா மணந்து பாரும்” என்றார்.

விமலேஸ்வரி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வருகிறேன் என்றும் சொல்லாமல் வரமாட்டேன் என்றும் சொல்லாமல் குசினிக்குள் போனார்.